லொஜிக் தம்பி

பழுகாமத்தில் ஒரு வீட்டில் மத்தியானச் சோறு ஆறிப்போய்க் கிடக்கிறது, குசினி வாசலில் தாய் தலையில் கைவைத்துக்கொண்டு குந்தியிருக்கிறா என்றால், அந்த வீட்டில் உயர்தரத்துக்கு அளவையியல் படிக்கிற பொடியன் ஒருவன் இருக்கிறான் என்று துணிந்து சொல்லலாம். சொன்ன கையோடு அந்தப் பொடியன் வெளியே வந்து, "இது வாய்ப்பற்ற வாதம் மாமா. சோறு ஆறுறதுக்கு வேற காரணமும் இருக்கலாம்தானே?" என்று கேட்பான். அவனைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

ஊரில் அவனுக்கு லொஜிக் தம்பி என்று பெயர். அதைப் பெயர் என்பதைவிடப் பதவி என்பதே சரி. போரதீவில் ஒருவர் இருக்கிறார், மண்டூரில் ஒருவர், வெல்லாவெளியில் இரண்டு பேர் (அந்த இருவருக்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை). ஒருவர் கம்பசுக்குப் போனால் அடுத்த வருசம் இன்னொருவர் பொறுப்பேற்றுக்கொள்வார். கதிரை ஒருநாளும் காலியாகக் கிடந்ததில்லை.

பாடத்தின் முழுப்பெயர் ‘அளவையியலும் விஞ்ஞானமுறையும்’. அவனுடைய அம்மம்மா முதன்முதல் இதைக் கேள்விப்பட்டபோது மிகவும் சந்தோசப்பட்டா. "அளக்கிறதுக்கும் இப்ப படிப்பு வந்திட்டா மனே? நல்லது. நெல்லு அளக்கத் தெரியாமத்தான் உன்ட அப்பன் கெட்டான்" என்றா. தம்பி தலையில் அடித்துக்கொண்டான். அது வேறு அளவை, இது வேறு அளவை என்று அரை மணித்தியாலம் விளக்கினான். கிழவி நம்பவில்லை. யார் சொன்னது சரி என்பது பின்னால் தெரியவரும்.

சனி ஞாயிறில் சைக்கிளில் பட்டிருப்புப் பாலம் தாண்டிக் களுவாஞ்சிக்குடிக்கு டியூஷனுக்குப் போவான். பாலத்துக்கு அந்தப் பக்கம் எழுவான்கரை, இந்தப் பக்கம் நம்முடைய படுவான்கரை. இந்தப் பெயர்களில் எனக்கு ஒரு யோசனை உண்டு. எழுவான்கரைக்காரர் தங்கள் கரையில் நின்று பார்த்தால் சூரியன் கடலில்தான் எழும்புகிறது; படுவான்கரையில் நின்றால் அது இன்னும் மேற்கே, வயலுக்கும் காட்டுக்கும் பின்னால்தான் விழுகிறது. எழுகிற கரை இது, படுகிற கரை அது என்று இரண்டையும் ஒருசேரச் சொல்ல, நடு வாவியில் தோணியில் இருக்கிறவரால்தான் முடியும். ஆகவே பெயர் வைத்தவர் யாரோ ஒரு மீன்பிடிகாரராகத்தான் இருக்கவேண்டும். இதைத் தம்பியிடம் சொன்னேன். "ஆதாரம்?" என்றான்.

கெட்டப்போல் கையில் கிடைத்த பொடியனுக்குக் காணுகிற மரத்திலெல்லாம் மாங்காய் தெரியும். தம்பிக்குத் தர்க்கப் போலிகளின் பெயர்கள் கிடைத்துவிட்டன. அதன்பிறகு அவன் வீட்டில் ஒருவரும் நிம்மதியாக வாய் திறந்ததில்லை. தகப்பன் ஒருநாள் சும்மா, "மூணு மாரியா இந்த வரம்பு உடையல்ல, இந்த மாரிக்கும் உடையாது" என்றார். தம்பி எழும்பி நின்றான். நேற்றுவரை நடந்தது நாளைக்கும் நடக்கும் என்பதற்குத் தர்க்கத்தில் ஒரு உத்தரவாதமும் இல்லை, இதை டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார் என்றான். நாலு நாள் அடைமழையில் வரம்பு உடைந்தது. தம்பியின் முகத்தில் அன்று வந்த பிரகாசத்தைப் பார்த்துத் தகப்பன் ஒன்றும் பேசாமல் மண்வெட்டியை நீட்டினார். ஹியூம் மண்வெட்டி பிடித்ததாகப் புத்தகத்தில் இல்லை. தம்பி உள்ளே போய்விட்டான்.

மீன்காரரோடு நடந்தது இன்னும் நல்லது. பெட்டியைத் திறந்து, "எல்லா இறாலும் இண்டைக்குப் பிடிச்சது" என்றார் அவர். தம்பிக்குக் கார்ல் பொப்பரின் நினைவு வந்தது. ஆயிரம் வெள்ளை அன்னங்களைக் காட்டினாலும் ‘எல்லா அன்னமும் வெள்ளை’ என்று நிறுவ முடியாது, ஒரு கறுப்பு அன்னம் போதும் அதைப் பொய்யாக்க. 1697இல் அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்குப் போன ஒல்லாந்த மாலுமிகள் கறுப்பு அன்னங்களைக் கண்டார்கள். 1934இல் பொப்பர் பொய்ப்பித்தலையே விஞ்ஞானத்தின் அடையாளமாக்கிப் புத்தகம் எழுதினார். இதையெல்லாம் மீன்காரருக்கு விளக்கிக்கொண்டே பெட்டிக்குள் கையை விட்டுக் கிளறி, தலை கழன்ற ஒரு இறாலைத் தூக்கிக் காட்டினான். "இப்ப என்ன சொல்றீங்க?"

"அந்த ஒண்டத் தவிர எல்லாம் இண்டைக்குப் பிடிச்சது தம்பி."

பொப்பர் தன் வாழ்நாள் முழுக்கச் சண்டை பிடித்தது இந்தத் தப்பித்தலோடுதான். கொள்கைக்கு எதிராக ஒரு சான்று வந்ததும், கொள்கையில் ஒரு ஓட்டைக்கு ஒட்டுப்போட்டு அதைக் காப்பாற்றிக்கொள்கிற தந்திரம். மீன்காரர் அதை எந்த டியூஷனிலும் படிக்கவில்லை. தம்பி பதில் யோசித்து முடிப்பதற்குள் தாய் அரைக் கிலோ வாங்கிக் காசும் கொடுத்துவிட்டா.

அவனை வெறும் கோமாளியாக்கிவிடவும் கூடாது. யானை விசயத்தில் அவன் பக்கம்தான் நியாயம் இருந்தது. நம்முடைய வயலோரங்களில் யானை இறங்குவது உங்களுக்குத் தெரியாததல்ல; விடிய விடிய யானைவெடியோடு காவல் இருக்கிறவர்களின் கண்ணைப் பார்த்தாலே போதும். கடைவாசலில் ஒருவர், "எங்கேயோ பிடிச்ச யானைகள இரவில லொறியில கொண்டுவந்து நம்மட காட்டில இறக்குறாங்க" என்றார். எல்லோரும் தலையாட்டினோம், நானும்தான். தம்பி மட்டும், "லொறியை ஆரும் கண்டதா?" என்று கேட்டான். அவர் கோபத்தோடு தன் வயலில் மிதிபட்டுக் கிடந்த கதிரைக் காட்டினார். "இது யானை வந்ததுக்குச் சான்று அண்ணே. லொறி வந்ததுக்கு இல்ல." கேள்வி சுத்தமான கேள்வி. ஒரு போகத்தையே இழந்து நிற்கிற மனிசனிடம், சைக்கிளில் இருந்து இறங்காமலே அதைக் கேட்டதுதான் பிழை.

அதே இரவு தம்பி முகநூலில் ஒரு பதிவைப் பகிர்ந்திருந்தான். அளவையியல் படிக்கிற மாணவர்களின் மூளை மற்றவர்களுடையதைவிடக் கூர்மையானது என்று வெளிநாட்டு ஆய்வொன்று கண்டுபிடித்திருக்கிறதாம். எந்த நாடு, எந்த ஆய்வு, எத்தனை மூளை? தம்பி கேட்கவில்லை. அந்த லொறியை அவன் தன் கண்ணாலேயே கண்டவன் போலிருந்தது.

இந்த வியாதிக்கு அமெரிக்காவில் ஒருவர் பெயர் வைத்திருக்கிறார். விமர்சனச் சிந்தனைக்கென்றே 1980இல் ஒரு நிலையம் தொடங்கிய ரிச்சர்ட் போல், இதில் பலவீனமான வகை, பலமான வகை என்று இரண்டைப் பிரித்துக் காட்டினார். படித்த தந்திரமெல்லாவற்றையும் தன் கட்சியைக் காப்பாற்றவும் மற்றவனை மடக்கவும் பாவிப்பவன் முதல் வகை. அதே கத்தியைத் தன் எண்ணங்கள்மீதும் வைத்துப் பார்ப்பவன் இரண்டாம் வகை. முதல் வகை நம்மிடையே புதிதல்ல. கொம்புமுறி ஆடிய ஊர்க்காரர் நாங்கள். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம்; எந்தச் சேரி என்பது பிறந்த வீட்டோடு வந்துவிடும். கொம்பு முறிந்தால் வென்ற சேரிக்காரர் தோற்றவர்களை வசைபாடித் தீர்ப்பார்கள். விளையாட்டு அநேகமாக ஓய்ந்துவிட்டது, சேரி ஓயவில்லை என்றுதான் சிலவேளை எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாம் வகைக்கு நான் அமெரிக்காவரை போகத் தேவையில்லை. பழுகாமத்துக் கோவிலில் தீமிதிப்புக் கொள்கிற திரௌபதை அம்மன் யார்? சபை நடுவே நின்று, என்னைப் பணயம் வைக்கும்போது தருமர் தன்னை ஏற்கெனவே தோற்றுவிட்டாரா இல்லையா என்று கேட்ட பெண். அடிமையாகிவிட்டவனுக்கு இன்னொருவரைப் பணயம் வைக்க என்ன உரிமை? பீஷ்மரே தர்மம் நுட்பமானது என்று சொல்லி மழுப்பிய கேள்வி அது. அந்தச் சபையில் எழும்பி அவள் பக்கம் நியாயம் பேசியவன் பாண்டவரில் ஒருவனல்ல. விகர்ணன், துரியோதனனின் தம்பி. தன் வீட்டுக்கு எதிராகப் பேசினான். கர்ணன் அவனைச் சின்னப்பிள்ளை என்று அதட்டி இருத்தினான். பிறகு போர் வந்தபோது விகர்ணன் அண்ணன் பக்கம் நின்றே செத்தான் என்பது வேறு கதை. விகர்ணனுக்கு ஒரு சிலையாவது எங்கேயும் இருக்கிறதோ தெரியாது. இருக்கவேண்டும் என்பது என் கட்சி.

இதையும் தம்பியிடம் சொன்னேன். "இது சிலபஸ்ல வராது மாமா" என்றான். மணிமேகலை 29ஆம் காதையில் பக்கப்போலி, ஏதுப்போலி என்று போலிகளை வகைபிரித்துச் சொல்லியிருக்கிறது, அதற்கு முன்பே 27ஆம் காதையில் வஞ்சி நகரில் சமயவாதி ஒவ்வொருவரிடமும் போய் அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே மணிமேகலை கேட்கிறாள் என்றேன். "29ஆம் காதை பிரயோசனப்படும்" என்று குறித்துக்கொண்டான். 27ஐக் குறிக்கவில்லை.

கடைசியில் அவனை மடக்கியது கிழவிதான்.

தம்பியின் மாமா மகன் உயிரியல் பிரிவில் படித்து மருத்துவ பீடத்துக்குத் தெரிவான செய்தி வந்தது. மட்டக்களப்பு மாவட்ட வெட்டுப்புள்ளியில் வந்தவன். கொழும்பிலிருந்து தோற்றியிருந்தால் அகப்பட்டிருக்காது. ஒருவர் அதைச் சொல்லிக் காட்டினார். விட்டானா தம்பி? 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று கணக்கை விரித்தான். ஆய்வுகூடமும் ஆசிரியரும் நிறைந்த இடத்துப் பிள்ளையையும், மழைக்காலத்தில் பள்ளிக்கூடம் போகவே பாதையில்லாத பிள்ளையையும் ஒரே புள்ளியால் அளப்பதுதான் அநியாயம் என்றான். உண்மையாகவே நல்ல பேச்சு. கேட்டவர்கள் கைதட்டினார்கள்.

இரண்டு கிழமை போனது. இன்னொரு மச்சான் பொறியியல் பீடத்தை மயிரிழையில் தவறவிட்டான். அவனைவிடக் குறைந்த இசட் புள்ளி பெற்ற மொனராகலைப் பொடியன் ஒருவனுக்கு அதே பீடம் கிடைத்திருந்தது. அதே திண்ணை, அதே தம்பி. "படிப்பில என்னகா மாவட்டம்? திறமைக்குத்தான் இடம்! இது பச்சை அநியாயம்."

அம்மம்மா வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தா. உரலில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னா: "மனே, முந்தி இஞ்ச ஒரு கடைக்காரன் இருந்தான். நெல்லு வாங்க ஒரு மரைக்கால் வச்சிருப்பான், விக்க ஒரு மரைக்கால் வச்சிருப்பான். வாங்கிறது கொஞ்சம் பெரிசு. ஆனா என்ன வடிவா அளப்பான் தெரியுமா? ஒரு மணி சிந்தாது. நீயும் அளவை படிச்சு அவனப்போல வந்திட்டாய்."

திண்ணை சிரித்தது. தம்பி சிவந்துபோனான். ஆனாலும் படித்தவனல்லவா? "அம்மம்மா, நீங்க வாதத்த விட்டுப்போட்டு ஆளத் தாக்குறீங்க. இதுக்குப் பேர் ஆளை நோக்கிய போலி" என்றான். புத்தகப்படி பார்த்தால் அவன் சொன்னது சரி. ஒருவன் இரண்டு விதமாகப் பேசுகிறான் என்பதால் இரண்டும் பொய்யாகிவிடாது, ஒன்று சரியாக இருக்கலாம். எது சரி என்று சொல்லத்தான் அவன் அங்கே நிற்கவில்லை.

"போலியோ அசலோ, மரைக்கால் ரெண்டு கிடக்குத்தானே" என்று வாயில் வெற்றிலையைப் போட்டுக்கொண்டா கிழவி.

1970களில் தரப்படுத்தலும் மாவட்டக் கோட்டாவும் வந்தபோது யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பட்ட காயமும் உண்மை. அதனால் படுவான்கரை போன்ற இடங்களிலிருந்து பல்கலைக்கழக வாசல் மிதித்தவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. இது சம்பந்தமாக யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரோடு எனக்குப் பல வருச வழக்கு உண்டு. நான் எந்த மரைக்காலால் அளக்கிறேன் என்பது இங்கே வேண்டாம்.

பிறகு அவனுடைய பள்ளிக்கூடத்தில் ஒரு விவாதம் வைத்தார்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வேண்டுமா, வேண்டாமா. தம்பி ‘வேண்டாம்’ கட்சிக்கு ஒரு கொப்பி நிறையக் குறிப்பு எழுதிவைத்திருந்தான். பத்து வயதுப் பிள்ளையைப் பிழிகிற பரீட்சை, பெற்றாரின் பேராசை, இன்னும் என்னென்னவோ. ஒரு கிழமை இருக்கும்போது ஆசிரியர் அணிகளை மாற்றிப்போட்டார். தம்பி ‘வேண்டும்’ என்று பேசவேண்டும்.

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்குப் போனான். இரவு பத்து மணிவரை மகளைக் கடந்தகால வினாத்தாளோடு இருத்திவைக்கிற தாய், அந்த ‘பேராசை’க்கு அவனுடைய கொப்பியில் உதாரணமாக இருந்தவ. "அக்கா, ஏன் இந்தச் சோதினைய இவ்வளவு பெரிசா நினைக்கிறீங்க?" என்று கேட்டான். வழக்கமாக அவன் கேட்கிற ‘ஏன்’ வேறு. அது பதிலுக்கு நிற்காது. இந்த முறை நின்றான்.

"எங்களுக்கு வேற என்ன பாதை இரிக்கி தம்பி? பெரிய பள்ளிக்கூடத்தில சேர்க்கக் காசும் இல்ல, சொல்லிவிட ஆளும் இல்ல. இவள் புள்ளி எடுத்தா ஒருத்தரும் மறிக்க ஒண்ணாது."

1940களில் கல்வி அமைச்சர் கன்னங்கர இலவசக் கல்வியும் மத்திய கல்லூரிகளும் கொண்டுவந்தபோது, கிராமத்துப் பிள்ளைகள் அந்தக் கல்லூரிகளுக்குப் போக அமைத்த ஏணிதான் இந்தப் பரீட்சையின் தொடக்கம். தம்பி அதைத் தேடிப் படித்தான். மேடையில் அந்தத் தாயின் வார்த்தையை அப்படியே வைத்துப் பேசினான். இரண்டு புள்ளியால் தோற்றார்கள். நடுவர் பக்கச்சார்பு என்று அவன் சொல்லவில்லை என்பது ஊரில் மூன்று நாள் பேச்சாக இருந்தது.

நாலாம் நாள் தாய், "எல்லாரும் சாப்பிட்டாச்சு, நீ மட்டும்தான் கிடக்கிறாய்" என்றா. "நீங்க இன்னும் சாப்பிடல்லத்தானே அம்மா, மறுகா எப்படி ‘எல்லாரும்’ ஆகும்?" என்றான். சோறு ஆறியது. ஆனாலும் தாய் சாப்பிடவில்லை என்று வீட்டில் முதன்முதல் கவனித்தவன் அவன்தான்.

இதை எழுதுகிறேன் என்று எப்படியோ அவனுக்குத் தெரிந்துவிட்டது. நேற்றுப் பின்னேரம் பாலத்தடியில் சைக்கிளை மறித்தான்.

"மாமா, என்னப் பத்தி எழுதுறீங்களாம்."

"ஓம்."

"அம்மாட்டக் கேட்டீங்க, அம்மம்மாட்டக் கேட்டீங்க, மீன்காரர்ட்டயும் கேட்டிருக்கிறீங்க. என்ட பக்கத்தக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை டியூஷன் முடிந்து வரச்சொல்லியிருக்கிறேன்.