மூடி திறத்தல்: வல்வெட்டித்துறை விறாந்தையில் பண்டி இறைச்சி அவிதல் குறித்த ஓர் ஆய்வு

வல்வெட்டித்துறையைப் பற்றி எழுதியவர்கள் பாய்க்கப்பலை எழுதினார்கள், பாக்குநீரிணையை எழுதினார்கள், முத்துமாரி அம்மன் கோயில் இந்திரவிழாவை எழுதினார்கள், தைப்பொங்கலன்று வானத்தை மறைக்கும் பட்டங்களை எழுதினார்கள். பண்டி இறைச்சியை வீட்டின் எந்த மூலையில் வைத்து அவிப்பது என்ற வினா மட்டும் அறிஞர் கண்ணில் படாமலே போயிற்று. கடலை நம்பிய ஊரில் மீனுக்கு இருக்கும் மரியாதை பண்டிக்கு இல்லை என்பது ஒரு காரணம். தின்றவர்கள் தின்றதாக வெளியில் ஒப்புக்கொள்வதில்லை என்பது மற்றது. ஆய்வுத்துறையில் இதைத் தரவுத் தட்டுப்பாடு என்பார்கள்.

முன்னோர் ஆதாரத்துக்குக் குறைவில்லை. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையனின் நாட்டுக் கடற்கரைப் பட்டினம் ஒன்றைக் காட்டுகிறார். அங்கே கள் விற்கும் வீட்டார் ஆண்பன்றியைப் பெட்டைகளோடு திரியவிடாமல் குழிக்குள் நிறுத்தி, நெல்லை இடித்த மாவை ஊட்டிக் கொழுக்க வைத்து, அந்த இறைச்சியைக் கள்ளோடு விருந்தினருக்குக் கொடுக்கிறார்கள். துறைமுகம், கள், பன்றி மூன்றும் ஒரே இடத்தில் வருவதைக் கவனிக்க வேண்டும். பன்றி நடக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். உழைக்காத தசை இயல்பிலேயே மெதுவானது. சிலோ குக்கர் இல்லாத காலத்தில் பன்றியையே சிலோ ஆக்கியிருக்கிறார்கள்.

பின்னர் நல்லூர் ஆறுமுக நாவலர் வந்தார். பாலபாடத்தில் அவர் கொலையையும் புலாலையும் கள்ளையும் அடுத்தடுத்துக் கண்டித்தார். அதை வாசித்த தலைமுறைகள் இறைச்சியை விட்டனவோ இல்லையோ, இறைச்சிக்கு உரிய இடத்தை வகுத்துவிட்டன. விரதச் சட்டி வேறு, மீன்சட்டி வேறு, ஆட்டிறைச்சிச் சட்டி வேறு. இந்த மூன்றும் குசினிக்குள் தட்டுமாறி இருக்கலாம். பண்டிச் சட்டிக்குக் குசினிப் படியே இல்லை. வளவின் பின்பக்கம், கிணற்றடி தாண்டி, மூன்று கல், ஊமல், பொச்சுமட்டை, விளிம்பு உடைந்த ஒரு பழைய சட்டி. சமைப்பவர் ஆண். பக்கத்தில் ஒரு போத்தல். தூரத்தில், குசினி வாசலில், முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி ஒரு அம்மம்மா.

இந்த ஏற்பாட்டைப் பின்தங்கியது என்று தள்ளுபவருக்கு இறைச்சியின் உட்கட்டமைப்புத் தெரியாது. பண்டியின் கழுத்தும் முன்னந்தோளும் நாள் முழுக்க மண்ணைக் கிளறி உழைக்கும் பகுதிகள். அப்படி உழைத்த தசையைச் சுற்றிக் கொலாஜன் என்னும் நார்ப்புரதம் இறுகிக் கிடக்கும். இறைச்சியின் உள்வெப்பம் 60 பாகை செல்சியஸைத் தாண்டும்போது இந்த நார் சுருங்கி, தசைக்குள் இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். அந்தக் கட்டத்தில் எடுத்துக் கடித்தவர், "உது கிழட்டுப் பண்டி" என்று விற்றவரைத் திட்டுவார். பொறுத்தால் 70 பாகைக்கு மேல் அதே நார் மணிக்கணக்கில் இளகி ஜெலற்றினாக மாறும். உள்ளே 90, 95 பாகை வந்துவிட்டால் அகப்பை பட்டதும் இறைச்சி பிரியும். நோய்க்கணக்கு வேறு. அமெரிக்க விவசாயத் திணைக்களம் 2011இல் முழுத்துண்டுப் பன்றி இறைச்சிக்கான எல்லையை 71 பாகையிலிருந்து 63 பாகைக்கு இறக்கி, 3 நிமிடம் ஆறவிடச் சொன்னது. தோள் இறைச்சியை அந்த அளவில் இறக்கித் தின்றால் வருத்தம் வராது, பல்லும் இறங்காது. ஊமல் தணல் எரியாமல் கனன்றுகொண்டே கிடக்கும் என்பதால், வளவுக்குள் சமைத்தவர்கள் கொலாஜன் என்ற பெயரைக் கேள்விப்படாமலே அதை வென்றிருந்தார்கள். போத்தல் முடியும்வரை சட்டியை இறக்க எவரும் எழும்பாததும் ஒரு காரணம்.

இனி, விறாந்தைக்கு வந்த சிலோ குக்கர் என்னும் கருவியின் வரலாறு. சிக்காகோவில் இருந்த இர்விங் நாக்சன் என்ற யூதப் பொறியியலாளருக்கு அவருடைய தாய் ஒரு கதை சொன்னார். லித்துவேனியாவின் வில்னா நகரில், ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால், வெள்ளி மாலையே அவரைக்கொட்டையும் இறைச்சியும் இட்ட பானையைப் பேக்கரிப் போறணைக்குள் வைத்துவிடுவார்கள். போறணை ஆற ஆற அந்தச் சூட்டிலேயே பானை இரவு முழுதும் அவியும். இதை மின்சாரத்தில் செய்ய முடியுமா என்று யோசித்த நாக்சன் 1936இல் விண்ணப்பித்து 1940இல் காப்புரிமை பெற்றார். ரைவல் நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கி, 1971இல் அதையே கிராக் பொட் என்று விற்றது. பன்றியைத் தொடாத ஒரு மரபின் வெள்ளிக்கிழமை விதியிலிருந்து பிறந்த சட்டி, வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத ஓர் ஊருக்குப் பண்டி அவிக்க வந்து சேர்ந்திருக்கிறது. ஒப்பியல் சமயத்துறையினர் இதை இன்னும் கையில் எடுக்கவில்லை.

ஊர்ப்பற்றுள்ள ஆய்வாளர் எவரும் இந்த இடத்தில் அன்னபூரணியைக் கொண்டுவராமல் விடமாட்டார். வல்வெட்டித்துறையில் கட்டிய அந்தப் பாய்க்கப்பல் வில்லியம் றொபின்சன் என்ற அமெரிக்கரின் கைக்கு மாறி, புளோரன்ஸ் சி. றொபின்சன் என்று பெயரும் மாறி, நம்மூர் மாலுமிகளோடு 1938 ஆகஸ்டில் மசாசுசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறையை அடைந்தது. அந்த மாநிலத்தின் தலைநகர் பொஸ்ரன். பொஸ்ரனின் பேர்போன உணவு, உப்பிட்ட பன்றி இறைச்சியோடு அவரையை மண்பானையில் இட்டு மணிக்கணக்கில் அவிப்பது. நாக்சன் தன் சட்டிக்கு வைத்த முதற்பெயரும் அவரையைக் கொண்டதுதான்: நாக்சன் பீனரி. கப்பல் போனது 1938, காப்புரிமை கிடைத்தது 1940. இடையில் யார் யாருக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பதை நடுநிலையான வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். விண்ணப்பம் 1936இலேயே போடப்பட்டுவிட்டது என்ற சிறு இடையூறை இந்த ஆய்வு பொருட்படுத்தவில்லை.

கருவி ஊருக்குள் வந்த வழி எல்லாருக்கும் தெரியும். இந்திரவிழாவுக்கு வரும் வெளிநாட்டுச் சொந்தக்காரரின் பெட்டிக்குள், துவாயில் சுற்றி, உள்ளே சொக்கிளேற் அடைத்து. லண்டன் சட்டி என்றால் பிரச்சினை இல்லை, மின்னழுத்தம் ஒன்றே. ரொறன்ரோச் சட்டிதான் ஆய்வுக்குரியது. அது 120 வோல்ட்டுக்குச் செய்தது; நம் சுவரில் இருப்பது 230. அழுத்தம் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூடினால் சக்தி அதன் இருமடியாக, ஏறக்குறைய 3.7 மடங்காகக் கூடும். கனடாவில் 200 வாற்றில் சாதுவாக இருந்த சட்டி இங்கே 730 வாற்றுக்கு மேல் இழுக்கும். அது எரிந்து அடங்குவதற்கு முந்திய சில நிமிடங்களில், உலகத்திலேயே வேகமான சிலோ குக்கர் வல்வெட்டித்துறையில்தான் இருக்கும். மின்மாற்றி வாங்கச் சொன்னால், சட்டியின் விலையைவிட அது கூட என்பார்கள். அதுவும் உண்மைதான்.

இங்கேதான் ஆய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு வருகிறது. சிலோ குக்கருக்கு அடுப்பு வேண்டாம், புகை இல்லை, ஒரு பிளக் போதும். ஆகவே அதைக் குசினிக்குள் வைக்க வேண்டியதில்லை. வளவுக்குள் வெயிலிலும் மழையிலும் வைக்க முடியாது. எஞ்சிய இடம் விறாந்தை. நீள வயர் ஒன்றை யன்னலால் இழுத்து, ஒரு முக்காலிமேல் சட்டியை வைத்துவிட்டால், குசினியின் துப்புரவும் கெடாது, பண்டியும் அவியும். நூறாண்டுக்கு மேலாக வளவின் பின்பக்கம் ஒதுங்கிக் கிடந்த ஓர் இறைச்சி வீட்டின் முகப்புக்கு வந்துவிட்டது. சமூகவியலில் இதை மேல்நிலையாக்கம் என்று சொல்ல இடமுண்டு.

ஆனால் விறாந்தை என்பது வீட்டுக்கு வரும் எல்லாரும் இருக்கும் இடம். சட்டியின் மூடியோ கண்ணாடி.

"உதென்ன, சத்தமே இல்லை? கரண்ட் வருதோ?"

"வருது பெரியப்பா. லைற் எரியுது, பாருங்கோ."

"ஒருக்காத் திறந்து பாப்பமே?"

"வேண்டாம் பெரியப்பா, சூடு போயிடும்."

"கிடக்கிற சூடு எங்கை போறது?"

மூடி எழும்பும். அதன் உட்புறத்தில் திரண்டிருந்த நீர் ஒரு பக்கமாக வழிந்து வயரில் சொட்டும். ஆவி மூக்குக்கண்ணாடியை மறைக்க, பெரியப்பா அதைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் குனிவார். மூடி அதுவரை அவர் மற்றக் கையில். "இன்னும் கொதிக்கேல்லை" என்பார். கொதிக்கக்கூடாது என்பதுதான் அந்தச் சட்டியின் நோக்கமே. ஆனால் வயதில் மூத்தவரிடம் வெப்ப இயக்கவியல் பேசுவது நம்மிடம் வழக்கமில்லை.

மூடி திறப்போரை உப்புப் பார்ப்போர், மணம் பிடிப்போர், கருவியை ஐயுறுவோர், முந்தியவர் திறந்ததால் திறப்போர் என வகுக்கலாம். கடைசி வகையினரே தொகையில் மிகுதி. ஒவ்வொரு திறப்புக்கும் சமையல் நேரத்தில் 15 முதல் 30 நிமிடம் கூட்டும்படி கையேடுகள் சொல்கின்றன. எட்டுப் பேர் ஆளுக்கொரு தரம் திறந்தால் எட்டு மணித்தியாலச் சமையல் பத்து முதல் பன்னிரண்டு மணித்தியாலம் ஆகிவிடும். இரவுச் சாப்பாட்டுக்கு வைத்தது நடுச்சாமத்தில்தான் அவியும். ஆகவே இறைச்சியின் மென்மை விறாந்தையில் உள்ள கதிரைகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. வளவுக்குள் இருந்த சட்டிக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை. அதன் மூடியைத் திறக்கப் புகைக்குள்ளால் போக வேண்டும்.

செய்முறையைச் சொல்லாமல் விட்டால் ஆய்வுக்குழு ஏற்காது. பங்கு போட்டு வாங்கிய இறைச்சியை அப்படியே கொட்டுவது பெரும்பிழை. பங்கில் தோள், தொடை, விலா, ஈரல் எல்லாம் கலந்து வரும். ஒன்று அவிய மற்றொன்று கரைந்துவிடும். கொழுப்பில்லாத முதுகுத்தசை எட்டு மணித்தியாலத்தில் உலர்ந்து நாராகும். தோளை மட்டும் பிரித்து, பெரிய துண்டாகவே விட்டு, உப்பு, மிளகு, வறுத்த தூள், அரைத்த உள்ளி இஞ்சி, ஒரு சிறங்கை வினாகிரி பூசி ஓர் இரவு ஊறவிட வேண்டும். சிலர் பச்சைப் பப்பாசி அரைத்துப் பூசுவார்கள். அதிலுள்ள நொதியம் மேற்புறத்தைக் களியாக்கிவிட்டு உட்புறத்தைத் தொடாது. நான் அதற்கு எதிர். சட்டிக்குள் தண்ணீர் அதிகம் வேண்டாம், இறைச்சியே விடும். தேங்காய்ப்பால் விடுபவர் முதலில் கப்பிப்பால் மட்டும் விடவேண்டும்; தலைப்பாலை இத்தனை மணித்தியாலம் சூட்டில் வைத்தால் திரைந்து எண்ணெய் வேறாகிவிடும், அதைக் கடைசி அரை மணித்தியாலத்தில் சேர்ப்பதே முறை. கறுவாவும் றம்பையும் தொடக்கத்திலேயே போகலாம்.

ஒரு குறை இருக்கிறது. சிலோ குக்கர் 100 பாகையைத் தாண்டாது. இறைச்சியின் மேற்புறம் சிவந்து மணக்க 140 பாகையாவது வேண்டும். ஆகவே முதலில் தாச்சியில் எண்ணெய் விட்டு எல்லாப் பக்கமும் முறுக எடுக்க வேண்டும். தாச்சியோ குசினிக்குரியது. எனவே பழைய மூன்று கல்லுக்கு இன்னும் ஓய்வூதியம் கிடைக்கவில்லை.

போறணையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 150 பாகையில், இறுக மூடிய தட்டில், இரண்டு கிலோத் தோளுக்கு நாலு மணித்தியாலம் அளவில் பிடிக்கும். பிறகு மூடியை எடுத்துச் சூட்டைக் கூட்டினால் தோல் முறுகும். குறைந்த சூட்டில் திறந்து வைப்பவர்கள் நடுவில் ஒரு கண்டத்தைக் கடக்க வேண்டும்: 65க்கும் 75 பாகைக்கும் இடையில் இறைச்சி வியர்த்து, அந்த ஆவியே சூட்டை வாங்கிக்கொள்வதால், வெப்பமானியின் முள் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். கருவி பழுது என்று எண்ணி இறக்குபவர்கள் அங்கேதான் தோற்கிறார்கள். நம் வீடுகளில் காஸ் அடுப்போடு வந்த போறணைக்குள் தட்டுகளும் பொலித்தீன் பைகளும் இருப்பதால் இந்தப் பரிசோதனை பெரும்பாலும் தொடங்குவதேயில்லை.

மின்வெட்டு தனி அத்தியாயம். 1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்று, ஜாம் போத்தலில் மண்ணெண்ணெய்த் திரி எரிந்த ஆண்டுகளில் இந்தச் சட்டி ஊரில் இருந்திருந்தால் அரிசி போட்டு வைக்கத்தான் உதவியிருக்கும். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுதும் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டியபோது, எஞ்சிய 11 மணித்தியாலம் தொடர்ச்சியாகக் கிடைத்திருந்தால் சமாளித்திருக்கலாம். துண்டு துண்டாகக் கிடைத்தது. பாதி அவிந்த இறைச்சி 60 பாகைக்குக் கீழே இறங்கி இரண்டு மணித்தியாலம் கிடந்தால் கிருமி பெருகும். கரண்ட் போனவுடன் சட்டியைத் தூக்கிக்கொண்டு வளவுக்குள் ஓட வேண்டும். மூன்று கல்லுக்கு ஓய்வூதியம் கொடுக்காததன் நியாயம் இங்கேயும் தெரிகிறது.

கடைசியாக நாட்கணிப்பு. செவ்வாயும் வெள்ளியும் தொடக்கத்திலேயே கழிந்துவிடும். பறுவத்தில் நாடு முழுதும் இறைச்சி விற்கத் தடை. கொடியேற்றத்திலிருந்து தீர்த்தம் வரை, நவராத்திரி, கந்தசஷ்டி, கேதாரகௌரி, திருவெம்பாவை எல்லாம் கழியும். அதற்கு மேல், பண்டிக்கறி மறுநாள்தான் ருசி என்பது ஐயத்துக்கு இடமில்லாத உண்மை. கொழுப்பு உறைந்து, தூள் உள்ளே இறங்கி, பாணோடு சாப்பிடும்போது அது வேறு கறி. ஆகவே மறுநாள் செவ்வாயாகவோ வெள்ளியாகவோ வரக்கூடிய திங்களும் வியாழனும் போயின. எஞ்சியவை புதன், சனி, ஞாயிறு. சனியிலும் ஞாயிறிலும் விறாந்தைக் கதிரைகள் நிறைந்திருக்கும். அதன் விளைவை மேலே நிறுவியாயிற்று. மிஞ்சுவது புதன். வேலைக்குப் போகிறவர்கள் போய்விடுவார்கள், பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர்கள் போய்விடுவார்கள், பெரியப்பா பென்சன் எடுக்கப் பருத்தித்துறைக்குப் போய்விடுவார். வீட்டில் அம்மம்மா மட்டும் இருப்பா. அந்த மூடியை அவ தொடவே மாட்டா.