உம்மியல்: ராகலை லயத்து ஒலிப்பெட்டியின் இரைச்சலுக்கு ஓர் இலக்கணம்

பாயிரம்

எழுத்துக்கு, சொல்லுக்கு, காதலுக்கு, ஏன், ஊரான் மாட்டை ஓட்டிக்கொண்டு வருவதற்குக்கூட இலக்கணம் வகுத்தவர்கள் தமிழர்கள். பாட்டு நின்ற பிறகும் ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து நிற்காமல் வரும் ‘உம்ம்ம்’ என்ற ஓசைக்கு மட்டும் நூல் செய்யாமல் விட்டார்கள். அக்குறை தீர்க்க எழுந்தது இந்நூல். எல்லை: கந்தப்பளைக்கும் உடப்புசல்லாவைக்கும் இடைப்பட்ட ராகலைத் தோட்டங்கள். கேட்போர்: பாட்டுக் கேட்க விரும்புகிறவர்களும், விரும்பாவிட்டாலும் கேட்டாக வேண்டிய பக்கத்துக் காம்பராக்காரர்களும். பயன்: தூக்கம்.

1. முதல், கரு, உரி

நிலம் குறிஞ்சி. குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும் உரியவை என்றார் தொல்காப்பியர். ராகலையில் கூதிருக்குப் பஞ்சமில்லை. ஆனால் இரைச்சல் யாமம்வரை காத்திருப்பதில்லை. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, லயத்தின் எல்லாக் காம்பராக்களிலும் லைட்டும் டீவியும் ரைஸ் குக்கரும் ஒரே மூச்சில் உயிர்பெறும் அந்திப்பொழுதிலேயே தொடங்கிவிடும்.

கருப்பொருள்: ஆம்ப் ஒன்று, ஸ்பீக்கர் பெட்டி இரண்டு, டீவிடி பிளேயர், ஃபோன் சார்ஜர், தகரக் கூரையோரம் கம்பி கட்டி நிறுத்திய டிஷ், இவை அனைத்தையும் தாங்கும் எக்ஸ்டென்ஷன். குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல். ஈண்டு வயரோடு வயர் புணர்தல் என்க.

2. சுருதி

இலங்கையின் மின்சாரம் 230 வோல்ட், விநாடிக்கு 50 சுழற்சி. இதை ஆர்மோனியத்தில் தேடினால் ஐந்து கட்டைக்கு அருகில் வந்து நிற்கும். அந்த ஸ்தாயியின் ஐந்து கட்டை 49 ஹெர்ட்ஸ், மின்சாரம் 50. அதாவது, அரைக் கட்டையில் மூன்றில் ஒரு பங்கு தூக்கிப் பாடுகிறது. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸோ ஆறரைக்கும் ஏழுக்கும் நட்டநடுவில் எந்தக் கட்டையிலும் சேராமல் தொங்குகிறது. சங்கீத ஞானத்தில் நம் மின்சாரமே மேல் என்பது துணிபு.

இந்தச் சுருதி பிறப்பதும் மலையகத்திலேதான். நீர்மின்சாரத்துக்காகப் பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இல் ஆய்வுரை படித்தார். லக்சபானா நிலையம் 1950இல் ஓடத் தொடங்கியது. தலவாக்கலைப் பக்கத்து மேல் கொத்மலை 2012இல் சேர்ந்தது. மலையில் பிறந்த கரண்ட் முதலில் கொழும்புக்கு இறங்கிப் போனது. அணைக்கட்டுக்குப் பக்கத்து மலைகளிலேயே இருந்த லயங்களுக்கு அது திரும்பி ஏறிவரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. வந்ததும் ‘உம்’ என்றது.

3. பிறர் மதமும் மறுப்பும்

அம்மாயி மதம்: “பெட்டிக்குள்ள ஏதோ குந்திக்கிட்டு முனகுது.” முனியாயின் சுருதி மாறாமல் முனகாது என்பதால் மறுக்கப்பட்டது.

மாமா மதம்: “அனுப்புறவனே சரியா அனுப்பல.” டீவியை அணைத்த பின்னும் இரைவதால் இதுவும் பொருந்தாது.

மச்சான் மதம்: “பக்கத்துல ஒரு தட்டு தட்டுங்க, அடங்கிரும்.” இது ஒருபுடை ஏற்கத்தக்கது. தட்டினால் அடங்குகிற இரைச்சல், எங்கோ ஒரு தொடுப்பு தளர்ந்திருப்பதற்குச் சாட்சி. ராகலை ஈரத்தில் பிளக்கின் உலோகம் களிம்பேறும். ஆம்பை அணைத்துவிட்டு, பின்பக்கத்துச் சிவப்பு வெள்ளைப் பிளக்குகளைப் பிடுங்கித் துடைத்து, இருந்த குழியிலேயே நாலு சுற்றுச் சுற்றிச் செருகினால் பெட்டியை அடிக்காமலே அடங்கும்.

4. அகமும் புறமும்

குமிழ் தணிப்பவும் தணியாதது அகமே;
குமிழொடு தணிவது புறமென மொழிப.

இதன் பொருள்: ஒலிக் குமிழைப் பூச்சியத்துக்குத் திருப்புக. இரைச்சல் அப்படியே நின்றால் குற்றம் ஆம்பின் வயிற்றுக்குள். இரைச்சலும் சேர்ந்து குறைந்தால் குற்றம் வெளியிலிருந்து வயர் வழியாக வருகிறது என்றவாறு.

அகத்திணைக் குற்றத்தில் தலைமையானது காய்ந்த கெப்பாசிட்டர். டையோடு பாலத்தைக் கடக்கும்போது 50 இரட்டித்து 100 ஆகும். அந்த மேடுபள்ளத்தை நிரவுவதே கெப்பாசிட்டரின் தொழில். ஒரு ஆம்பியர் இழுக்கும் ஆம்பில் 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒழுங்காக இருந்தால் மேடுபள்ளம் 2 வோல்ட் அளவில் நிற்கும். அதுவே காய்ந்து 1000 ஆகிவிட்டால் 10 வோல்ட்டாகிவிடும். மூடி உப்பியிருப்பது வெளிப்படை அடையாளம், உப்பாமலும் காயும். 100 ஹெர்ட்ஸ் என்பது அதே சுருதி, ஒரு ஸ்தாயி மேலே. ஆகவே மேல்ஸ்தாயியில் பாடினால் பெரும்பாலும் கெப்பாசிட்டர்; கீழ்ஸ்தாயியில் பாடினால் வயர். சிறிய ஸ்பீக்கரில் 50 எடுபடாது என்பதையும் கருதுக.

இனிப் புறம். ஆம்பின் பின்னால் செருகிய வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுக. கழற்றும் ஒவ்வொரு தடவையும் ஆம்பை அணைத்துக்கொள்க. எதைக் கழற்றியதும் ஓசை நின்றதோ அதுவே குற்றவாளி. சார்ஜரில் கிடக்கும் ஃபோனிலிருந்து பாட்டுப் போட்டிருந்தால் முதலில் சார்ஜரைப் பிடுங்கிப் பார்க்க. பாதி வழக்கு அங்கேயே முடியும்.

5. கைக்கிளையும் பெருந்திணையும்

ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் இரைவது கைக்கிளை. இடது வலது வயர்களை ஆம்பின் பின்னால் மாற்றிச் செருகினால், இரைச்சலும் பக்கம் மாறுகிறதா என்று பார்க்க. மாறினால் வயரோ, அதற்கு அப்பாலுள்ள பிளேயரோ. மாறாவிட்டால் ஆம்ப். வயரின் மேல்சுற்று வலை அறுந்து உள்கம்பி மட்டும் தொட்டுக்கொண்டிருப்பது இத்திணையில் அடிக்கடி காணப்படும்.

பொருந்தாக் கூட்டம் பெருந்திணை. ஆம்ப் மூன்று பின் பிளக் வழியாக ஒரு இடத்தில் ஏர்த்தைத் தொடுகிறது. டிஷ் கேபிளின் மேல்சுற்று, கூரைக் கம்பி வழியாக வேறோர் இடத்தில் தொடுகிறது. இரண்டு ஏர்த்துக்கும் இடையே சிறு வோல்ட் வேறுபாடு இருந்தால் போதும், பாட்டு வரும் வயரின் வழியே கரண்ட் வளையம் போட்டு ஓடும். ஓடுகிற அதுதான் ‘உம்’. ஒரு ஆம்புக்கு இரண்டு நிலம். அதை வைத்திருக்கும் குடும்பத்துக்கோ லயத்தடியில் ஒரு பேர்ச்சஸ்கூடச் சொந்தமில்லை. இம்முரண் அரசியல் இலக்கணத்தின்பாற்படும். ஈண்டு விரிப்பிற் பெருகும்.

தீர்வு எளிது. டிஷ் கேபிளைக் கழற்றியதும் ஓசை நின்றால் நோய் இதுவே. டீவி, டிஷ் பெட்டி, ஆம்ப் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகுக. அதற்கும் மசியாவிட்டால் ஆம்புக்குப் போகும் பாட்டு வயருக்கு நடுவே ஐசோலேட்டர் ஒன்று போடுக. பாட்டு வயரையும் கரண்ட் வயரையும் ஒரே கட்டாகக் கட்டி வைப்பது பார்வைக்கு அழகு, காதுக்குக் கேடு. அவற்றைப் பிரிக்க; கடந்தே ஆகவேண்டுமெனில் குறுக்காகக் கடக்க.

6. விலக்கு

ஏர்த் பின்னை வெட்டினால் இரைச்சல் நிற்கும் என்று சொல்லும் கடை மதம் ஒன்றுண்டு. நிற்கும் என்பது மெய். உள்ளே ஒரு வயர் கழன்று தகரப் பெட்டியைத் தொட்டால், பெட்டியைத் தொட்டவரும் நிற்பார். இலக்கணம் எதையும் ‘வழுவமைதி’ என்று மன்னிக்கும், இதை மன்னிக்காது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். ஆகவே அகத்திணைக் குற்றங்களை டவுனிலுள்ள ரேடியோ பாஸிடம் விட்டுவிடுவதே முறை.

7. முடிபு

இரைச்சல்களில் பெரும்பகுதி புறத்திணை. காசு செலவில்லாமல் தீரக்கூடியது. ஆகவே வாசகருக்கு விண்ணப்பம்: அடுத்த தடவை பெட்டி ‘உம்’ என்றால் தட்டாதீர்கள், வெட்டாதீர்கள், புதுசு வாங்க சீட்டுப் பணத்தை எடுக்காதீர்கள். முதலில் குமிழைப் பூச்சியத்துக்குத் திருப்புங்கள்.