ஒழுக்கவியல்: பழைய புல்லட்டின் பெட்ரோல் டேப்பை முன்வைத்து

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவரின் வீட்டை, வண்டி வெளியே போயிருக்கும் நேரத்திலும் கண்டுபிடித்துவிடலாம். வாசலில் ஓரிடத்தில் மட்டும் சிமென்ட் தரை நிறம் மாறியிருக்கும். அதன்மேல் ஓர் ஊறுகாய் பாட்டிலோ கொட்டாங்குச்சியோ நாலாக மடித்த செய்தித்தாளோ கிடக்கும். புறச்சான்று இத்தனை தெளிவாக இருந்தும், பெட்ரோல் டேப் ஒழுகும் இயல் இன்னும் டீக்கடை வாய்மொழி மரபிலேயே வாழ்கிறது. அக்குறையை ஓரளவு நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வெல்லை: இரும்பு சிலிண்டர் கொண்ட பழைய புல்லட்டும் அதன் பிரிட்டிஷ் உறவினர்களும். இன்ஜின் உறிஞ்சும் விசையில் தானே திறந்து மூடும் ஜப்பானிய வாக்குவம் டேப்புகள் வேறு இனம். அவை இங்கே பேசப்படவில்லை.

மூலபாடத்தின் வரலாறு சுருக்கமானது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்ட் ‘புல்லட்’ என்ற பெயரை 1932இல் சூட்டியது. 1955இல் அந்நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்க, வண்டி திருவொற்றியூர்வாசி ஆனது. பிறந்த ஊரில் தயாரிப்பு நின்ற பிறகும் சென்னையில் நிற்கவில்லை. கசிவும் அப்படியே.

முதலில் இழப்பை அளக்க வேண்டும். தாமஸ் டேட் என்பவர் 1864இல் வெளியிட்ட விதி இங்கே கைகொடுக்கிறது. குழாயின் நுனியில் தொங்கி விழும் சொட்டின் எடை, நுனியின் அகலத்தையும் திரவத்தின் பரப்பு இழுவிசையையும் பொறுத்தது என்பது அது. தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். பெட்ரோலுக்கு 20ஐ ஒட்டித்தான். ஆகவே பெட்ரோல் சொட்டு சிறியது. மில்லிலிட்டருக்கு 20 சொட்டுத் தண்ணீர் என்பது மருந்துக்கடைக் கணக்கு. அதே நுனியில் பெட்ரோல் 45 முதல் 50 சொட்டு விழும். விநாடிக்கு ஒரு சொட்டு என்று வைத்தால் நாளைக்கு 86,400 சொட்டு, ஏறத்தாழ 1.8 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் மாதம் ஐயாயிரத்துக்கு மேல். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்காமலே ஆகும் செலவு இது.

வெயில் காலத்தில் விழுந்த சொட்டு நொடியில் ஆவியாகிவிடுவதால், தரையிலுள்ள கறை எப்போதும் நிலைமையைக் குறைத்தே சொல்லும். போன பெட்ரோலும் எங்கும் போய்விடுவதில்லை. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் தீப்பிடிக்கத் தக்க அளவு ஆவியை விடும் திரவத்துக்கு அருகில் பீடியுடன் குனிந்து ‘எங்கே ஒழுகுது?’ என்று பார்ப்பவர்கள் உண்டு. அவர்களைப் பற்றி நகைச்சுவையாக எழுத ஒன்றுமில்லை.

இத்தனைக்கும் டேப் தாங்கவேண்டிய சுமை அற்பமானது. டேங்கில் 25 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பெட்ரோல் நின்றால், அடியில் அது தரும் அழுத்தம் காற்றழுத்தத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை.

பரிகாரம் என்று வரும்போது அறிஞர்கள் நான்கு கட்சிகளாகப் பிரிகின்றனர். சோப்புக் கட்சியினர் துணி சோப்பைக் குழைத்துக் கசியும் இடத்தில் அப்புவர்; பெட்ரோலில் சோப்பு கரையாது என்பதால் இது வெறும் நம்பிக்கை அல்ல, வீடு வந்து சேர உதவும் வைத்தியம். டெஃப்லான் கட்சி பிளம்பிங் துறையிலிருந்து இறங்கியது. எதைக் கண்டாலும் வெள்ளை நாடாவைச் சுற்றும். திருப்புக் கட்சி, உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரைப் புரட்டிப் போட்டால் போதும் என்னும். நான்காவது கட்சி கிண்ணம் வைப்போர். எந்தத் தலையீடும் கூடாது என்பது அவர்கள் கொள்கை. பிடித்த பெட்ரோலை மறுநாள் காலை டேங்கிலேயே ஊற்றிவிடுவதால், தத்துவரீதியாக இழப்பே இல்லை என்றும் வாதிடுவர்.

நால்வரும் ஒருவர் உரையை மற்றவர் மறுக்கின்றனர். நால்வரும் உரை எழுதுவது வெவ்வேறு மூலங்களுக்கு என்பதே இக்கட்டுரையின் துணிபு. பெட்ரோல் டேப்புக்கு ஒழுகும் இடம் ஒன்றல்ல, மூன்று. எங்கே கசிந்தாலும் ஈரம் வழிந்து அடிநுனியில் சேர்ந்து அங்கிருந்தே சொட்டுவதால், மூன்றும் ஒன்றாகத் தெரிகின்றன. சொட்டும் இடத்தைப் பார்த்து வைத்தியம் பார்க்கிறவர், வேறு நோயாளியின் சீட்டுக்கு மருந்து வாங்குகிறவர்.

முதல் இடம், டேங்கும் டேப்பும் சேரும் மரை. அந்தக் கால பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் இது கால் அங்குல பி.எஸ்.பி. மரை. கால் அங்குலம் என்ற பெயரை நம்பி அளவுகோல் வைத்தால் தலை சுற்றும். வெளி விட்டம் 13.16 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலத்துக்கும் மேல். கால் அங்குலம் என்பது பழைய இரும்புக் குழாயின் உள்துவாரத்தைக் குறித்த பெயர். குழாய் மாறியும் பெயர் தங்கிவிட்டது. அங்குலத்துக்கு 19 மரை. மரையின் கோணம் 55 டிகிரி. அக்கோணம் ஜோசஃப் விட்வொர்த் 1841இல் முன்மொழிந்தது. இன்றைய மெட்ரிக் மரைக்கு 60 டிகிரி. வேறு வண்டியின் டேப்பை வாங்கி வந்து, ‘ரெண்டு சுத்து ஏறுது, மிச்சத்தை ஸ்பேனர் பார்த்துக்கும்’ என்று இறுக்குவோர், டேப்போடு டேங்கையும் மரை கழன்ற கூட்டத்தில் சேர்க்கிறார்கள். இங்கே வேண்டியது புது ஃபைபர் வாஷர், அல்லது ரப்பர் விளிம்பு ஒட்டிய உலோக வாஷர். டெஃப்லான் நாடா பெட்ரோலில் கரையாது, உண்மை. ஆனால் பிய்ந்த துணுக்கு ஒன்று கார்பரேட்டர் ஜெட்டுக்குப் போய்விட்டால், கசிவு நின்ற அன்றே வண்டியும் நிற்கும்.

இரண்டாவது இடம் கைப்பிடியின் தண்டு. ஓ-ரிங் மாற்றினால் தீரும் விஷயம், ஆராய்ச்சிக்குரியதல்ல.

மூன்றாவது இடமே வளமானது: மூடியும் மூடாத உள்வாய். ஐம்பதுகளின் டேப்புகள் பல தள்ளியிழுக்கும் வகை. உள்ளே அடைப்பானாக இருந்தது கார்க். போர்ச்சுகல் உலகத் தேவையில் பாதியைத் தரும் ஓக் மரத்துப் பட்டை அது. மரத்துக்கு 25 வயதாகும்போது முதன்முறை உரிப்பார்கள்; அடுத்த உரிப்புக்கு 9 ஆண்டாவது காத்திருக்க வேண்டும். ராபர்ட் ஹூக் 1665இல் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, உயிரணுவுக்கு ‘செல்’ என்று பெயரிட்டது இந்தக் கார்க்கின் அறைகளைப் பார்த்துத்தான். ஆக, உயிரியலின் அடிப்படைச் சொல் பிறந்த பொருள் ஒன்று, மோட்டார் சைக்கிளின் அடிவயிற்றில் பெட்ரோலை மறித்துக்கொண்டு நின்றது. கன சென்டிமீட்டருக்கு நான்கு கோடி அறைகள், அவற்றுக்குள் காற்று. அமுக்கினால் நசுங்கும், விட்டால் மீளும். காய்ந்தால் சுருங்கும். எனவே கார்க் டேப் அதிகம் ஒழுகுவது ஓடும் வண்டியில் அல்ல, டேங்கைக் காலிசெய்து மாதக்கணக்கில் போர்த்தி வைத்த வண்டியில். பரிகாரம், கார்க்கைக் கழற்றிக் கொதிநீரில் ஊறவைப்பது. உப்பிப் பழைய பருமனுக்கு வரும். பின்னால் வந்த நெம்புகோல் டேப்பில் கார்க்குக்குப் பதில் நான்கு துளை ரப்பர் வாஷர். இங்கேதான் திருப்புக் கட்சி சொல்வது சரி: ஒரு பக்கம் பள்ளம் விழுந்தால் மறுபக்கம் சில காலம் தாங்கும்.

சில காலம் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2022இல் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 10 சதவீதத்தை எட்டியது. 20 சதவீதக் கலவை 2023இல் விற்பனைக்கு வந்தது. பழைய ரப்பர்களில் பல எத்தனாலில் உப்பிக் குழையும். செல்லாக் தடவி அடைத்த மூட்டுகளின் கதி இன்னும் மோசம்; ஸ்பிரிட்டில் கரைவதே செல்லாக்கின் இயல்பு. புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ கடைப் பையன் “டேப்பையே மாத்திடுங்கண்ணே, வாஷர் தனியா வராது” என்பான். கேட்டுப் பார்த்தால் சில கடைகளில் வரும். வைட்டான் ரப்பரில் கிடைத்தால் அதுவே மேல்.

எந்த இடம் என்று கண்டறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. டேப்பைத் துடைத்து உலர்த்தி, சாக்பீஸ் தூளைப் பூசி, ‘ஆஃப்’ நிலையில் விட வேண்டும். ஈரம் முதலில் எங்கே கோடு போடுகிறதோ அங்கேதான் வேலை. தூள் காய்ந்தே இருந்தால் ரப்பர் குழாயைக் கழற்றி, டேப்பின் வாயைப் பார்க்க வேண்டும். அங்கே சொட்டினால் உள்வாய். அப்போது டேங்கைக் காலிசெய்து, டேப்பைப் பிரித்து, வாஷர் உட்காரும் முகத்தைக் கண்ணாடித் தட்டின்மேல் வைத்த 1000 நம்பர் வாட்டர் பேப்பரில் எட்டு வடிவில் தேய்க்க வேண்டும். கீறல் மறையும்வரைதான், பளபளப்பு அளவுகோல் அல்ல. சுருண்ட ஸ்பிரிங் வாஷர் தளர்ந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். மாட்டிய பிறகு அரை லிட்டர் ஊற்றி ஓர் இரவு விட்டு, பிறகே டேங்கை நிரப்புவது முறை.

கடைசிச் சோதனை ‘ஆன்’ நிலையில். ஒழுகினால் டேப்பைக் குறை சொல்லக் கூடாது. கார்பரேட்டரின் ஃபுளோட் ஊசி தேய்ந்திருக்கும். ஆமல் கார்பரேட்டராக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப, டிக்ளர் பொத்தானை அமுக்கிப் பெட்ரோல் வழியும்வரை காத்திருக்கச் சொல்வதே அதன் முறை. எனவே நிலத்தில் கிடப்பது நோயின் சொட்டா, சடங்கின் சொட்டா என்று முதலில் உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.