மூன்று சுபநேரமும் ஒரு குடும்பத் தலைவனும்

சித்திரையில் சூரியன் மீனத்தை விட்டு மேடத்துக்குப் போகிறது. ஒரே சூரியன்தான். ஆனால் அது எத்தனை மணிக்குப் போகிறது என்பதில் வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணித பஞ்சாங்கத்துக்கும் ஒத்துவராது. சிங்களவர்களின் பஞ்சாங்கமான லித சொல்லும் நேரம் இந்த இரண்டோடும் நிமிஷம் பிசகாமல் பொருந்தவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எட்டியாந்தோட்டைப் பக்கம், றப்பர் மலை முடிந்து நாட்டுக் கிராமம் தொடங்குகிற இடத்தில் வீடு கட்டிக்கொண்ட எனக்கு ஆகவே மூன்று புத்தாண்டு. மூன்றுக்கும் சாப்பாடு உண்டு. இந்தப் பஞ்சாங்கத் தகராறு தீர்ந்துவிடக் கூடாதே என்பதுதான் என் ஒரே பிரார்த்தனை.

கோயிலுக்குப் போய் வந்து வீட்டில் பொங்கல் ஆனதும் என் கால்கள் தாமாகவே பக்கத்து வீட்டுச் சிங்கள ஆச்சியின் வாசலுக்குத் திரும்பிவிடும். அங்கே கிரிபத் என்கிற பாற்சோறு. நாம் பால் பொங்கியபின் அரிசி போடுகிறவர்கள். அவர்கள் பச்சரிசியைக் குழைய வேகவைத்து, அதன்பிறகு கெட்டித் தேங்காய்ப்பாலும் உப்பும் விட்டு, அது சுண்டும்வரை கிண்டுகிறார்கள். தட்டில் கொட்டி, வாழையிலையால் அழுத்தி மட்டப்படுத்தி, சாய்சதுரமாக வெட்டுகிறார்கள். தொட்டுக்கொள்ள மாசி போட்டு அரைத்த லுணுமிரிஸ். கலியாணம், குழந்தையின் முதல் சோறு, மாதத்தின் முதலாம் தேதி என்று எல்லாவற்றுக்கும் இதுதான்.

வருஷப்பிறப்பன்று அடுப்பு மூட்ட ஒரு நேரம், சாப்பிட ஒரு நேரம், பார்க்கவேண்டிய திசை, உடுக்கவேண்டிய நிறம் எல்லாம் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டுவிடும். அந்த நிமிஷத்தில் ஆச்சியின் மகன், வீட்டுத் தலைவர் என்ற முறையில், ஒவ்வொருவர் வாயிலும் ஒரு கவளம் ஊட்டுவார். பெண்சாதி பிள்ளைகள் வெற்றிலை கொடுத்துக் கும்பிடுவார்கள். பார்த்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். நம் வீட்டிலும் இனி இப்படித்தான் என்று அறிவித்தேன்.

"ஊட்டுறது இருக்கட்டும்," என்றாள் மனைவி. "காலையில இருந்து இஸ்தோப்புல கெடக்குற தேங்காய யாரு துருவுறது? அந்த வீட்டுத் தலைவர வரச் சொல்லட்டுமா?"

துருவினேன்.

எனக்குச் சீனி வருத்தம் இருப்பது ஆச்சிக்கும் தெரியும். அதனால் மிகக் கவனமாகத்தான் பரிமாறுவார். கிரிபத்தில் ஏது சீனி? ஆகவே தாராளமாக வைக்கலாம். கித்துள் கருப்பட்டி மரத்திலிருந்து வருவது, அது சீனியே இல்லை. கெவும் பலகாரத்தில் கொண்டையை மட்டும் தவிர்த்தால் போதும். "கன்ன புத்தே, கன்ன" (எடு மகனே, எடு) என்று ஆச்சி சொல்லும்போது மறுக்கிற பழக்கம் எங்கள் வம்சத்திலேயே இல்லை. அப்பா விடியலில், வெயில் ஏறினால் றப்பர்ப் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்று, தேங்காய் ரொட்டியையும் கட்டச் சம்பலையும் அவசரமாக முடித்துக்கொண்டு பால்வெட்டப் போனவர். லயத்துக் காம்பராவுக்கு யார் வந்தாலும் மா இருக்கிறதா என்று பார்க்காமலே அம்மா "ரொட்டி தின்னுட்டுப் போங்க" என்பார். மா இல்லையென்றால் பக்கத்துக் காம்பரா எதற்கு இருக்கிறது? அந்த விருந்தோம்பலில் நான் கற்றுக்கொண்டது உட்கார்ந்து சாப்பிடுகிற பகுதியை மட்டும்.

சிக்கல் தட்டில்தான் ஆரம்பிக்கிறது. ஆச்சியின் தட்டைக் காலியாகத் திருப்பக் கூடாது. நாம் முறுக்கு வைத்து அனுப்பினால் அது வாழைப்பழத்தோடு வரும். தீபாவளிக்கு எங்கள் வடையும் அதிரசமும் போகும். தோட்டத்தில் வாங்கிய தீபாவளி அட்வான்ஸைக்கூடச் சம்பளத்தில் மாதாமாதம் வெட்டி ஒருவழியாக முடித்துவிடுவார்கள். தட்டுக் கணக்கை முடிக்க எந்தக் கணக்கப்பிள்ளையாலும் ஆகாது. அதைத் தூக்கிக்கொண்டு போகவும் வரவும் குடும்பத் தலைவன் ஒருவன் இருக்கிறான் அல்லவா?

இரண்டு வீட்டுக்கும் நடுவே றப்பர் மர நிழலில் உட்காரத் தோதான கல் ஒன்று உண்டு. முறுக்கு என்றால் பிரச்சினையில்லை, எடுத்தபின் கொஞ்சம் பரப்பிவிடலாம். கிரிபத்தைச் சாய்சதுரமாக வெட்டுவது அழகுக்கு என்றுதான் நம்பியிருந்தேன். ஒரு துண்டை எடுத்ததும் தட்டில் சன்னல் திறந்துவிடுகிறது.

"இந்த எடத்துல இருந்தது எங்கங்க?"

"ஆச்சி அப்படியேதான் தந்தாங்க."

மனைவி வேலியோரம் போய்க் கேட்டாள். ஆச்சிக்கு என்மேல் எப்போதும் இரக்கம். தன் கொச்சைத் தமிழில் பதறிப்போய்ச் சொன்னார்:

"ஐயோ, வழியில சாப்பிட மகனுக்குக் கையிலயும் ரெண்டு குடுத்தேனே. அதுவும் வந்து சேரல்லையா?"