வாசலில் ஒரு குழி நிலம்

"சார், உங்க வாசல்ல நாளைக்கு ட்ரென்ச் எடுக்கறோம். வண்டி இருந்தா வெளிய நிறுத்திக்குங்க" என்று ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். எடுக்கிறோம் என்றால் தெருவிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். எடுத்துப் போகும்படி எங்கள் தெருவில் என்னதான் இருக்கிறது என்ற யோசனையில் வண்டியை மறந்துபோனேன். மறுநாள் காலை பால் வாங்கக் கதவைத் திறந்தால், வாசற்படிக்கு அப்புறம் பூமி இல்லை.

ஸ்கூட்டர் உள்ளே, சாலை வெளியே. நடுவில் மூன்றடி அகலம், இடுப்பளவு ஆழம்.

அன்றைக்கே அதற்குப் பெயர் சூட்டு விழா தொடங்கிவிட்டது. சூப்பர்வைசருக்கு அது ட்ரென்ச். உள்ளே இறங்கி மண்ணை அள்ளிக்கொண்டிருந்த அக்காவுக்குப் பள்ளம். என் அம்மா முதலில் "என்னடா இது, வாசல்ல குழி" என்றாள். சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு, "பள்ளம், பள்ளம்" என்று திருத்தினாள். எழுபத்தெட்டு வயதில் வாசலை வைத்துக்கொண்டு உச்சரிக்கிற வார்த்தையா அது? இத்தனைக்கும் கன்னத்தில் விழுந்தால் அதே குழி அழகு. பணியாரக் கல்லில் இருந்தால் பசி. பல்லாங்குழிப் பலகையில் பதினாலு வைத்து என் அக்காவை ஆயுள் முழுக்கத் தோற்கடித்தவளும் இதே அம்மாதான்.

பையனுக்கு அது அகழி. பாடப் புத்தகத்தில் அப்போதுதான் மரியானா அகழி நடத்தியிருந்தார்கள். "கோட்டையைச் சுத்தி இருக்கறதுதானேப்பா அகழி? கடலுக்கு அடியில எந்த ராஜா?" என்று கேட்டான். எனக்கும் தெரியவில்லை. ஏறக்குறைய 11 கிலோமீட்டர் ஆழமுள்ள அந்த இடத்துக்கு 1960-லேயே ஜாக் பிக்கார்ட், டான் வால்ஷ் என்ற இருவர் இறங்கி, அன்றைக்கே மேலேயும் வந்துவிட்டார்கள் என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். "அப்ப நம்ம ஸ்கூட்டர்?" என்றான். பிள்ளைகளுக்கு அறிவைக் கொடுத்தால் இப்படித்தான் திருப்பிக் கொடுக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் தஞ்சாவூர்ப் பக்கம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்று, மகனோடு கோயமுத்தூர் வந்தவர். பள்ளத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் வேலை கிடைத்த களை. டேப்பைப் பிடிக்கச் சொன்னார். அவர் வீட்டு முனையிலிருந்து எங்கள் வீட்டு முனை வரை 48 அடி. "48 பெருக்கல் 3, நூத்தி நாப்பத்து நாலு சதுர அடி. கச்சிதமா ஒரு குழி சார்!" என்று கூவினார். அவர்கள் ஊர்க் கணக்கில் 144 சதுர அடி ஒரு குழி, நூறு குழி ஒரு மா, மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர். ஆக, எங்கள் வாசலில் இருந்தது எல்லா அர்த்தத்திலும் குழி. இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

வெளியே போக வழியில்லாதவனுக்கு அகராதிதான் துணை. புரட்டினால், ட்ரென்ச்சின் பூர்வீகம் பழைய பிரெஞ்சு. ஆதிப் பொருள் வெட்டுதல். நாமும் கிணறு வெட்டுகிறோம், குளம் வெட்டுகிறோம், வாய்க்கால் வெட்டுகிறோம். இறைச்சியை வெட்டிப் பரிமாறும் மரத்தட்டுக்கு ஆங்கிலத்தில் ட்ரெஞ்சர் என்று பெயர். பள்ளத்துக்குப் பங்காளி முறை.

அந்த வம்சத்தில் ஒரு சொல்லை எங்கள் குடும்பத்துக்கு ஏற்கெனவே தெரியும். சித்தப்பா ஒரு நூல் மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தார். ஒருநாள் கையில் ஒரு தாளோடு வந்து, "ரிட்ரெஞ்ச்மென்ட்னு போட்டிருக்குது. மறுபடியும் ட்ரென்ச் வெட்டச் சொல்றாங்களோ என்னமோ" என்றார். மில்லுக்குப் பின்னால் சாயத் தண்ணீர் போக ஒருமுறை வெட்டியிருந்தார்களாம். இந்த முறை வெட்டப்பட்டது அவர்தான். அப்போது நடப்பிலிருந்த 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டப்படி ஆட்குறைப்புக்கு, முடிந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம். 19 வருஷத்துக்கு 285 நாள். செட்டில்மென்ட் வாங்கிய அன்று வீட்டுக்கு இனிப்பு வாங்கி வந்தார். ஏன் வாங்கினார் என்று அன்று யாரும் கேட்கவில்லை. எனக்கு இன்றும் கேட்கத் தோன்றவில்லை.

ஏழாம் நாள், லண்டனுக்குப் படிக்கப் போகிற அக்கா மகன் சொல்லிக்கொண்டு போக வந்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. முழங்கால் வரை தொங்கும் மண்நிறக் கோட்டு, இடுப்பில் பெல்ட், தோளில் பட்டை. "ட்ரென்ச் கோட் மாமா" என்று, நடுவில் போட்டிருந்த பலகையில் நின்றபடியே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினான். முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளில் கிடந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் மாட்டிக்கொண்டது. தோள்பட்டை வைத்தது பதவிச் சின்னத்துக்கு. வடகடலிலிருந்து சுவிட்சர்லாந்து எல்லை வரை வெட்டிவைத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நாள்கணக்கில் நின்றார்கள். கால் விறைத்து அழுகியது. ட்ரென்ச் ஃபுட் என்று அதற்குப் பெயர்; நம் வயல்காட்டுச் சேற்றுப்புண்ணுக்குச் சீமையிலிருந்து வந்த முரட்டு அண்ணன். நாம் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவினோம், அவர்கள் திமிங்கல எண்ணெய் தடவினார்கள்.

இதையெல்லாம் அவனுக்கு எடுத்துச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பலகை வழுக்கிவிட்டது. நூறு வருஷம் கழித்து ஒரு ட்ரென்ச் கோட், தனக்குப் பெயர் வைத்த வீட்டுக்கு நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. அக்கா மகனுக்கு அடி இல்லை. சலவைக்குப் போன கோட்டு அவன் கிளம்புவதற்குள் திரும்பவில்லை. அவன் ஸ்வெட்டரில்தான் விமானம் ஏறினான்.

பன்னிரண்டாம் நாள் குழாயைப் போட்டு மண்ணைத் தள்ளி மூடினார்கள். ஸ்கூட்டர் வெளியே வந்தது. இரண்டு மழை பெய்தது. மூடின மண் ஓரடி உள்ளே இறங்கி, ஸ்கூட்டர் மறுபடியும் உள்ளே மாட்டிக்கொண்டது. வெட்டியவர்களுக்குப் போன் போட்டேன். "ட்ரென்ச் மூடியாச்சுன்னு ரிஜிஸ்டர்ல இருக்குதுங்க. இப்ப உங்க வாசல்ல இருக்கறது பள்ளம். பள்ளம்னா ரோடு செக்‌ஷன்" என்றார்கள். அங்கே கேட்டால், "அது பள்ளம் இல்லைங்க, ட்ரென்ச் செட்டில்மென்ட். வெட்டினவங்கதான் பார்க்கோணும்" என்றார்கள். மண் உட்காருவதற்கும் செட்டில்மென்ட் என்றுதான் பெயராம். சித்தப்பா இருந்திருந்தால் எத்தனை நாள் சம்பளம் வரும் என்று கணக்குப் போட்டிருப்பார். நான்கு நாள் நான்கு பேரிடம் பேசியதில் எனக்கு விளங்கியது இதுதான்: என் வாசலில் இருப்பதற்குச் சரியான பெயரைச் சொல்லத் தெரிந்தால் அன்றைக்கே மூடிவிடுவார்கள். அந்தப் பெயர்தான் யாருக்கும் தெரியவில்லை.

மாமனாரிடம் புலம்பினேன். அவருக்கு ஆனைகட்டி போகிற வழியில் தோட்டம். அங்கே காட்டோரமாக, யானை வராமலிருக்க ஆளுயரத்துக்கு மேல் வெட்டிவைத்திருக்கிறார்கள். யானைக்குக் குதிக்கத் தெரியாது. நான்கு காலும் ஒருசேரத் தரையைவிட்டு எழும்பாது. அந்த ஒரு குறையை நம்பித்தான் அத்தனை மைல் நீளத்துக்கு வெட்டுவது. யானையும் குதிப்பதில்லை. கரையோரம் நின்று காலால் மண்ணைச் சரித்துச் சரித்து உள்ளே தள்ளுகிறது. சரிவு விழுந்ததும் இறங்கி ஏறி நேரே வாழைக்குப் போய்விடுகிறது. மாமனாரின் நேந்திரன் போன வருஷம் அப்படித்தான் போனது.

நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"மூடறதுதானுங் மாப்ள உங்களுக்குப் பிரச்சனை? எங்க ஆளு ஒரே ராத்திரியில மூடிப்போடும். ரிஜிஸ்டர் கிஜிஸ்டர் ஒண்ணும் கேக்காது. என்ன, வாசல்ல நாலு வாழை வெக்கோணும், அவ்வளவுதானுங்."

கன்று எப்போது அனுப்புவார் என்று கேட்டிருக்கிறேன்.