தெருவெல்லாம் எலும்பு டாக்டர்

ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டில் என் கணுக்கால் பிசகியதும், பந்து பொறுக்க வராதவர்கள் எல்லாம் வைத்தியம் சொல்ல வந்துவிட்டார்கள். ஒருவர் வெந்நீர் ஒத்தடம் என்றார். இன்னொருவர் ஐஸ் என்றார். மூன்றாமவர் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, ‘சுளுக்குதான், நீவினால் போச்சு’ என்று காலைப் பிடித்தார். நான் போட்ட அலறலைக் குணமாகும் அறிகுறி என்று எடுத்துக்கொண்டார்.

சுளுக்கா, எலும்பு முறிவா என்ற சந்தேகத்துக்கு 1992இல் கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் வகுத்த விதி எளியது: கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்பின் பின் விளிம்பை அழுத்தினால் வலித்தாலோ, நாலு அடி நடக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே. 1978இல் ஐஸ் வைக்கச் சொன்ன அமெரிக்க டாக்டர் கேப் மிர்கினே, அது குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்பாடு கருத்தை மாற்றிக்கொண்டார். எங்கள் தெருவில் யாரும் எதையும் மாற்றிக்கொள்வதில்லை. விழுந்தால், வாசகரே, முதலில் எண்ணெய்க் கிண்ணத்தை ஒளித்து வையுங்கள்.