முங்கப் போகிறவன் மொட்டை போடலாமா?

சித்தூர் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. மாம்பழம் உண்டு, வெல்லம் உண்டு, தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிகிற சண்டைகள் உண்டு. கடல்தான் இல்லை. ஊருக்குள் நீவா நதி ஓடுகிறது என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் தண்ணீரைவிட நாங்கள்தான் அதிகம் ஓடினோம், கிரிக்கெட் பந்துக்குப் பின்னால். நீச்சல் என்றால் கிணறு. இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி யாராவது பின்னாலிருந்து தள்ளிவிடுவார்கள். காணிப்பாக்கத்துப் பிள்ளையாரே கிணற்றில் எழுந்தருளியவர்தான். கடல் வேண்டும் என்று அவரும் கேட்கவில்லை.

என் மனைவி திருப்பதிக்காரி. அவள் ஊரும் எங்களைப் போலத்தான் இருந்தது. 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திர அரசு மாவட்டங்களைக் கலைத்து அடுக்கியபோது, நெல்லூரில் இருந்த சூளூர்ப்பேட்டையும் ஸ்ரீஹரிகோட்டாவும் புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டன. கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து, அவள் பிறந்த வீட்டுக்கு அரசாணை மூலம் ஒரு கடற்கரையும் ஒரு ராக்கெட் தளமும் வந்து சேர்ந்தன. அன்றிலிருந்து கடல் பற்றி எங்கள் வீட்டில் யார் பேசினாலும் முடித்துவைப்பது அவள்தான்.

எனவே, மத்தியதரைக் கடலில் ஸ்கூபா டைவிங் செய்யப்போகிறேன் என்று சாப்பாட்டு நேரத்தில் நான் அறிவித்தபோது, முதல் கேள்வி அவளிடமிருந்தே வந்தது. "ஏமண்டி, எங்க கடலுக்கு என்ன குறைச்சல்?"

நான் தேர்ந்தெடுத்த ஊர் அல்கேரோ. இத்தாலிக்குச் சொந்தமான சார்டினியாத் தீவின் மேற்குக் கரையில் இருக்கிறது. 1354-இல் அரகோன் அரசர் அந்த ஊரைப் பிடித்து, இருந்தவர்களை விரட்டிவிட்டுக் கத்தலான் மொழிக்காரர்களைக் குடியேற்றினார். சுற்றிலும் இத்தாலி, ஆனாலும் 670 வருடம் கழித்தும் அங்கே பெரியவர்கள் சிலர் வீட்டில் பேசுவது கத்தலான். 1911-இல் வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்து, 1953-இல் ஆந்திரத்தோடு போய், 1960-இல் திருத்தணியை அந்தப் பக்கம் அனுப்பிவைத்த பிறகும் சாம்பாருக்கு உப்பு பத்தவில்லை என்பதைத் தமிழிலேயே சொல்லிக்கொண்டிருக்கும் எங்களுக்கு, அது சம்பந்தி வீடு மாதிரி இல்லையா? இதை விளக்கமாகச் சொன்னேன். அப்பா கேட்டுவிட்டு, "அந்தக் கதையைக் கரையில உக்காந்து பேசினா போதாதா? எதுக்குத் தண்ணிக்குள்ள போகணும்?" என்றார்.

தண்ணீருக்குள் போகவேண்டிய காரணம் என் மனைவியின் கழுத்தில் இருந்தது. தெலுங்கு வீடுகளில் தாலிக்குப் பக்கத்தில் பவள மணி கோப்பார்கள். நகைக்குரிய அந்தச் சிவப்புப் பவளத்துக்குப் பேர்போன இடம் மத்தியதரைக் கடல். நம் முத்துக்கு ரோமாபுரியில் என்ன மதிப்போ, அதே மதிப்பு பவளத்துக்கு இந்தியாவில் உண்டு என்று முதல் நூற்றாண்டிலேயே பிளினி எழுதிவைத்திருக்கிறார். பிறகு கும்பினி காலத்தில் அங்கிருந்து பவளம் சென்னைக்கு வரும். இங்கிருந்து வைரம் போகும். மண்ணடிப் பக்கத்துப் பவளக்காரத் தெருவின் பூர்வீகம் அதுதான். அல்கேரோவின் நகரச் சின்னத்திலேயே ஒரு பவளக் கொப்பு இருக்கிறது. அங்கே காப்போ காச்சா முனைக்கு அடியில் நெரேயோ என்ற கடல் குகை. அதன் இருட்டில் பவளம் உயிரோடு வளர்வதைப் பார்க்கலாம். கிளையின் பருமன் வருடத்துக்கு அரை மில்லிமீட்டர்கூடக் கூடாதாம். ஆந்திரத் தலைநகரக் கட்டுமானத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது ஒன்றும் மெதுவாகத் தெரியாது.

இந்த இடத்தில் மாமியார் எதிர்பாராமல் என் கட்சிக்கு வந்தார். "வெள்ளு நாயனா, வெள்ளு. நல்ல பகடம் ரெண்டு எடுத்துட்டு வா. செவ்வாய்க்கு நல்லது." அதை அப்படிப் பறித்துவர முடியாது, உரிமம் வாங்கியவர்கள் மட்டும் 50 மீட்டருக்குக் கீழே போய் எடுக்கிறார்கள், எனக்கு அனுமதி 18 மீட்டர் வரைக்கும்தான் என்றேன். "அப்ப எதுக்குப் போறே?" என்று அவரும் அப்பா பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்தது தேதி. அல்கேரோவில் டைவிங் களைகட்டுவது மே முதல் அக்டோபர் வரை. மே மாதம் திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரை; மாமியார் வீட்டில் இலை எடுக்க ஆள் வேண்டும். ஜூன், ஜூலையில் தோத்தாபுரி மாங்காய். கூழ் ஃபேக்டரி வாசலில் டிராக்டர் வரிசையில் நிற்பதற்கென்றே எங்கள் குடும்பத்தில் ஆண்பிள்ளைகள் பிறக்கிறார்கள். புரட்டாசியில் பிரம்மோற்சவம், எந்த உறவு என்று தெரியாத உறவினர்களும் திருப்பதியில் வந்து இறங்குவார்கள். மிச்சம் ஆகஸ்ட். ஐரோப்பாவே விடுமுறை எடுத்துக்கொண்டு அந்தக் கடலில் இறங்குகிற மாதம். மீனுக்கே இடமிருக்குமா என்பது சந்தேகம்.

அதற்கு முன்பு பாடம் படிக்கவேண்டும். அதைப் பாண்டிச்சேரியிலேயே முடித்துவிடலாம் என்று முடிவானது. 200 மீட்டர் நீந்திக் காட்டவேண்டும், பத்து நிமிடம் மிதந்து காட்டவேண்டும். மிதப்பது எனக்குப் பிரச்சினை இல்லை. உடம்பே அதற்காக வளர்ந்ததுதான். யோகா வகுப்பு நடத்தும் சித்தப்பா ஒருவர் தானாக முன்வந்து, விடிகாலையில் மொட்டை மாடியில் எனக்குக் கும்பகம் பழக்கினார். மூச்சை இழுத்து அடக்கு, அடக்கு என்பார். ஸ்கூபாவின் முதல் விதியே மூச்சை அடக்கக்கூடாது என்பது. பத்து மீட்டர் ஆழத்தில் நுரையீரலில் இருக்கும் காற்று மேலே வரும்போது இரண்டு மடங்கு விரியும். அடக்கினால் நுரையீரல் கிழியும். இதைச் சொன்னதும் சித்தப்பா மாதக் கட்டணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்.

மனைவி இதற்குள் வேண்டிக்கொண்டுவிட்டாள். பாண்டிச்சேரிக் கடலிலிருந்து நான் முழுசாக வெளியே வந்தால், வீட்டுக்குக்கூட வராமல் நேரே திருமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொள்வேன் என்று. வேண்டுதல் அவளுடையது, முடி என்னுடையது. 300 ரூபாய் தரிசன டிக்கெட்டுக்கு நாள்கூடப் பார்த்துவைத்திருந்தாள், பயிற்சி முடிவதற்கு மறுநாள் காலையில்.

அங்கேதான் விஞ்ஞானம் குறுக்கே வந்தது. ஆழத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்து நிற்கும். அழுத்தம் சட்டென்று குறைந்தால் கோலி சோடா உடைத்ததுபோல் குமிழியாகும். அதனால் தொடர்ந்து முங்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது என்கிறது டைவர்கள் பாதுகாப்பு அமைப்பு. 2,000 அடிக்கு மேலான உயரத்துக்கெல்லாம் இந்தக் கணக்கு உண்டு. திருமலையின் உயரம் சுமார் 2,800 அடி. மலைப்பாதையில் கோவிந்தா போடும்போதே எனக்கு மூட்டு மூட்டாகக் குமிழி கிளம்பும்.

"தப்பு செய்தவனைத்தான் மலையேற விடமாட்டார்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் மாமியார், என்னை ஒரு மாதிரி பார்த்து.

"அப்ப முதல்ல மலை, அப்புறம் கடல்" என்றாள் மனைவி. யோசித்தால் அதில் இன்னொரு லாபம். மீசை இருந்தால் டைவிங் மாஸ்க் முகத்தில் சரியாக ஒட்டாது, தண்ணீர் கசியும். முடியிறக்கும் கல்யாணகட்டாவில் தலையோடு மீசையையும் கொடுத்துவிட்டால் மாஸ்க் கச்சிதம். வெங்கடேசப் பெருமாளும் ஸ்கூபா சங்கமும் ஒரே முடிவுக்கு வந்த அபூர்வத் தருணம் அது. பகுத்தறிவுக் கூட்டங்களுக்குப் போய்ப் பழகிய அப்பாவே ஒரு நிமிடம் பேசவில்லை.

பிறகு விசா விண்ணப்பத்தை எடுத்தோம். ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதத்துக்குள் எடுத்த புகைப்படம் வேண்டும். என் பாஸ்போர்ட்டில் இருப்பவர் சுருட்டை முடியும் முறுக்கு மீசையுமாக, பழைய என்.டி.ஆர். படத்தில் வில்லனுக்கு வலதுகை போலிருப்பார். மொட்டைத் தலையோடு நான் போய் நின்றால், அவரை என்ன செய்தாய் என்று கேட்பார்கள். முடி வளரட்டும் என்றால் ஆகஸ்ட் போய்விடும். ஆகஸ்ட் போனால் பிரம்மோற்சவம்.

மாமியார்தான் வழி சொன்னார். பெண்கள் கொடுப்பதுபோல மூன்று கத்தரிப்பு கொடுத்தால் போதும், வேண்டுதல் தீர்ந்துவிடும். மாஸ்க்குக்கு இடைஞ்சல் மீசைதானே, மூன்றையும் மீசையிலேயே கொடுத்துவிடலாம் என்றார். மூன்று இடத்தில் கத்தரி விழுந்த மீசையோடு எந்த நாட்டு அதிகாரி முன்னால் போய் நிற்பது என்று கேட்டேன்.

மனைவி சொன்னாள்: "போய் நில்லுங்க. அந்த மூஞ்சிக்கு விசா கிடைச்சா, சாமி இருக்குன்னு மாமாவே ஒத்துக்குவாரு."